புற்றும் அதன் சுற்றமும்

நிலத்தை ஐவகையாகப் பகுத்து, அந்தந்த நிலத்துக்கு ஏற்பவே மரமும் பயிரும் தொழிலும் வாழ்வும் அமையும் என்று கண்ட மரபு நம்முடையது. பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு இந்தப் புனே நகருக்கு வந்து, இராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் குடியேறியவர்களாகிய நமக்கு அவ்வுண்மை அனுபவத்தாலும் விளங்கியதே. வித்து ஒன்றேயாயினும் நிலம் மாறினால் விளைவும் மாறுகிறது. இன்று நாம் பேசப் புகுந்த பொருள் பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய். உழவுக்குப் பொருந்தும் இந்த நியதி இந்நோய்க்கும் பெரிதும் பொருந்துகிறது என்பதை மருத்துவ விஞ்ஞானம் சிறுகச் சிறுகக் கண்டறிந்துள்ளது. அக்கதையைச் சொல்வதும், அதனால் நாம் அறிந்து நடக்க வேண்டியது யாது என்று ஆராய்வதுமே நம் நோக்கம்.

குடலைப் பற்றி நாலு பேர் நடுவில் பேசுவது நமக்குக் கூச்சத்தைத் தரும். அக்கூச்சமே பல குடும்பங்களில் நோய் முற்றுவதற்குக் காரணமாகி விடுகிறது. ஆகையால், நேயர்கள் இப்பேச்சைச் சற்றுப் பொறுமையுடன் கேட்பார்களாக.

நம் ஊரிலேயே தொடங்குவோம். கணேஷ்கிண்டில் உள்ள பல்கலைக் கழக வளாகத்தினுள், தேசிய உயிரணு அறிவியல் மையம் என்னும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. 1980-களில் மத்திய அரசின் ஆதரவில் தோன்றிய இந்நிலையம், மனிதர்களிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் எடுக்கப்பெற்ற உயிரணுக்களை உயிரோடு பேணி வைத்து, நாடெங்கும் உள்ள ஆராய்ச்சிக் கூடங்களுக்கு வழங்கி வருகிறது. அவற்றுள் குடற்புற்றின் அணுக்களும் உண்டு. எச்.டி.-29 என்று ஒரு வகை. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஒரு பெண்மணியின் பெருங்குடல் கட்டியிலிருந்து அது பெறப்பட்டது. அன்று எடுத்த அணுக்களின் வழித்தோன்றல்கள், தலைமுறை தலைமுறையாகப் பெருகி, இன்றும் கண்ணாடிக் குப்பிகளிலும் பிளாஸ்டிக் தட்டுகளிலும் வாழ்ந்து வருகின்றன. புது மருந்துகளை முதன்முதலில் சோதித்துப் பார்ப்பதற்கு இவை பேருதவி புரிகின்றன.

ஆனால், தட்டில் வளரும் அந்த அணுக்கள் தனியே வாழ்கின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவற்றுக்கு அண்டை அயல் கிடையாது. இரத்தக் குழாய் இல்லை, நார்த்திசு இல்லை, காவல் காக்கும் வெள்ளணுக்கள் இல்லை. தட்டில் புற்றணுவை அழித்த மருந்துகள் பல, நோயாளியின் உடலில் அவ்வளவு பலன் தராமற் போனதுண்டு. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று, தட்டில் வித்து மட்டுமே இருந்தது, நிலம் இல்லை என்பதாகும்.

இவ்வுவமையை முதன்முதலாக விளக்கியவர் லண்டனில் ரண வைத்தியராக இருந்த ஸ்டீபன் பாஜெட் என்பவர். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களைப் பற்றிய குறிப்புகளை அவர் ஆராய்ந்து, 1889-ஆம் ஆண்டில் லான்செட் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நோய் உடலெங்கும் ஒரே சீராகப் பரவாமல், சில உறுப்புகளையே தேடிச் சென்று தங்குவது ஏன் என்பது அவருடைய வினா. வித்து எத்திசையிலும் சிதறலாம், ஆனால் தனக்கு இசைந்த நிலத்தில் விழுந்தால் மட்டுமே அது முளைக்கும் என்பது அவர் கண்ட விடை. அக்காலத்து ஆராய்ச்சியாளர் பலரும் வித்தையே ஆராய்ந்தனர். நிலத்தையும் ஆராய வேண்டும் என்ற அவருடைய கருத்து முழு மதிப்பைப் பெறுவதற்கு ஏறக்குறைய நூறாண்டுகள் ஆயின.

இனி, குடல் என்னும் நிலம் எத்தகையது என்று பார்ப்போம். பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள குழாய். அதன் உட்புறத்தில் மெல்லிய சளிச்சவ்வு இருக்கிறது. அச்சவ்வின் அணுக்கள் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதியனவாகின்றன. இவ்வாறு ஓயாது பிறந்து இறக்கும் இடத்தில்தான் புற்றும் தோன்றுகிறது. பெரும்பாலும் அது ஒரு சிறு முளையாக எழுந்து, பல ஆண்டுகள் தீங்கின்றி இருந்து, பிறகே கெட்ட கட்டியாக மாறுகிறது. சளிச்சவ்வுக்கு வெளியே தளர்ந்த திசுவும், அதற்கு அப்பால் தசைச் சுவரும், அதற்கும் அப்பால் கொழுப்பும் இரத்தக் குழாய்களும் நிணநீர் முடிச்சுகளும் உள்ளன. கட்டி இவ்வடுக்குகளை ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு வெளியேறப் பார்க்கிறது. வழியில் அது சந்திக்கும் சுற்றத்தார் எப்படி நடந்துகொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே நோயாளியின் கதி பெரும்பாலும் அமைகிறது.

அச்சுற்றத்தாருள் முதலில் சொல்லத் தக்கவை நார் நெய்யும் அணுக்கள். உடம்பில் காயம் பட்டால், அவ்விடத்தில் நார் பின்னி வடு உண்டாக்குவது இவற்றின் தொழில். புற்றுக் கட்டியைச் சூழ்ந்த இடத்திலும் இவை வந்து குழுமுகின்றன. காயம் ஆறியதும் வேலையை நிறுத்த வேண்டியவை, இங்கே நிறுத்துவதில்லை. ஹரால்ட் ட்வோராக் என்ற அமெரிக்க மருத்துவர் 1986-ஆம் ஆண்டில், கட்டி என்பது ஆறாத காயத்தைப் போன்றது என்று விளக்கினார். நம் வீட்டில் பழுது பார்க்க வந்த கொத்தர், வீட்டுக்காரர் சொல்லைக் கேளாமல், திருடனுக்கு வசதியாகச் சுவர் எழுப்பிக்கொண்டே போனால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட நிலை அது.

இது வெறும் கற்பனை உவமை அன்று. 2015-ஆம் ஆண்டில் பல நாட்டு ஆராய்ச்சிக் குழுவினர் ஒன்றுகூடி, நாலாயிரத்துக்கு மேற்பட்ட குடற்புற்றுகளின் மரபணுச் செயல்களை ஒப்பிட்டு, அவற்றை நான்கு வகையாகப் பிரித்தனர். நான்காம் வகையில் நார்த்திசு மிகுந்திருந்தது. நோய் மீண்டும் தலைகாட்டுவதும் அவ்வகையினரிடமே அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியே ஒரு நுட்பமான கேள்வியை எழுப்பினர். இந்தக் கெட்ட அடையாளங்கள் புற்றணுவிலிருந்து வருகின்றனவா, சுற்றியுள்ள திசுவிலிருந்து வருகின்றனவா என்பதே அக்கேள்வி. இத்தாலியர் கண்ட வழி எளியது. மனிதப் புற்றை எலியின் உடலில் பதியம் வைத்தால், புற்றணு மனிதனுடையதாகவே இருக்கும், சுற்றியுள்ள நார்த்திசு மட்டும் எலியினுடையதாகி விடும். பிறகு இரண்டையும் வேறு பிரித்து அறிந்துகொள்ளலாம். அவ்வாறு ஆராய்ந்தபோது, புற்றணுவின் குணம் என்று அதுவரை எண்ணப்பட்ட அடையாளங்கள் பல, உண்மையில் சுற்றியிருந்த நார்த்திசுவிலிருந்து வந்தவை என்று தெரிந்தது.

சுற்றத்தாருள் இரண்டாவது இனம், உடலின் காவலர்களாகிய வெள்ளணுக்கள். பாரிஸ் நகரில் ஜெரோம் கலான் என்பவரும் அவருடைய தோழர்களும் 2006-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ரண சிகிச்சையில் அகற்றப்பட்ட குடற்புற்றுகளின் நடுவிலும் விளிம்பிலும் எந்த வகை வெள்ளணுக்கள், எவ்வளவு, எவ்விடத்தில் இருக்கின்றன என்று அவர்கள் எண்ணிப் பார்த்தனர். கட்டி எவ்வளவு ஆழம் சென்றது, எத்தனை முடிச்சுகளைப் பற்றியது என்று அளப்பதே அதுவரை வழக்கமாக இருந்தது. வெள்ளணுக்கள் நெருக்கமாகக் கூடி நின்ற நோயாளிகள் நெடுநாள் நலமாக வாழ்ந்தனர், காவலர் இன்றி வெறிச்சோடிக் கிடந்த கட்டியுடையோருக்கு நோய் திரும்பி வந்தது என்பதை இவர்கள் காட்டினர். 2018-ஆம் ஆண்டில் பதின்மூன்று நாடுகளைச் சேர்ந்த 2,600-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் இக்கணக்குச் சரிபார்க்கப்பட்டது. அம்முயற்சியில் நம் நாட்டின் சார்பில் அகமதாபாத்தில் உள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் பங்குகொண்டது என்பது நாம் மகிழத் தக்க செய்தி. இந்தச் சோதனை எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகச் செய்யப்படுவதன்று. ஆயினும் அது உணர்த்தும் உண்மை எல்லோருக்கும் பொதுவானது.

நார்த்திசுவுக்கும் வெள்ளணுக்களுக்கும் தொடர்பு ஒன்று உண்டு. நார் நெய்யும் அணுக்கள் சுரக்கும் சில பொருள்கள், வெள்ளணுக்களைக் கட்டிக்குள் நுழைய விடாமல் வெளியிலேயே நிறுத்தி விடுகின்றன என்று எலிகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. காவலர் வந்திருந்தும் கதவு திறக்கவில்லை என்பது போன்ற நிலைமை அது.

குடற்புற்றுகளுள் ஒரு சிறு பிரிவில், அணுவின் மரபுப் பிரதியில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு பழுதடைந்திருக்கும். மேனாட்டுக் கணக்குகளின்படி இவை நூற்றுக்குப் பதினைந்து அளவில் உள்ளன. இவற்றில் பிழைகள் மலிந்திருப்பதால் வெள்ளணுக்கள் எளிதில் பகைவனை அடையாளங்கண்டு கூட்டமாக வந்து சேருகின்றன. அவற்றின் கைக்கட்டை அவிழ்த்து விடும் மருந்துகள் இப்போது உள்ளன. நியூயார்க் நகரில் ஒரு மருத்துவமனையினர், இவ்வகை மலக்குடற்புற்று உடைய பன்னிருவருக்கு டோஸ்டார்லிமாப் என்னும் மருந்தை ஆறு மாதம் கொடுத்து, அப்பன்னிருவரிடமும் கட்டி கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்ததாக 2022-ஆம் ஆண்டில் அறிவித்தனர். கத்தியும் கதிரும் இல்லாமலே கிடைத்த பலன் இது. இதைக் கேட்டு எல்லாக் குடற்புற்றும் இம்மருந்தால் தீரும் என்று எண்ணி விடலாகாது. அந்த ஒரு பிரிவினருக்கே இது பொருந்தும். எனவே, தம்முடைய நோய் அப்பிரிவைச் சேர்ந்ததா என்று சோதித்து அறிவது ஒவ்வொரு நோயாளிக்கும் இன்றியமையாதது. இந்தப் பழுது சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதும் உண்டு. அவ்வாறாயின் உடன்பிறந்தோரும் மக்களும் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது சுற்றம், குடலைப் போர்த்திருக்கும் கொழுப்பு. இது பற்றிய வரலாறு ரண வைத்தியர்களுக்கு உரியது. மலக்குடலைச் சுற்றி மெஸோரெக்டம் என்னும் கொழுப்புறை ஒன்று இருக்கிறது. நிணநீர் முடிச்சுகள் அதனுள்ளேதான் உள்ளன. முன்னாளில் வைத்தியர்கள் குடலை அகற்றும்போது, இவ்வுறை கிழிந்து ஒரு பகுதி உள்ளேயே தங்கி விடுவதுண்டு. அதே இடத்தில் நோய் மீண்டும் முளைப்பதும் சாதாரணமாக இருந்தது. இங்கிலாந்தில் பேஸிங்ஸ்டோக் என்ற ஊரில் இருந்த பில் ஹீல்ட் என்னும் ரண வைத்தியர், உறையைக் கிழிக்காமல் குடலோடு சேர்த்து முழுமையாக எடுக்க வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டில் வற்புறுத்தினார். அவர் 1986-ல் வெளியிட்ட கணக்கில், அவ்விடத்தில் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. அதே ஆண்டில் லீட்ஸ் நகரத்து நோய்க்கூறு நிபுணர் பிலிப் குவர்க், எடுத்த பகுதியைக் குறுக்காக மெல்லிய வில்லைகளாக அரிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வெளி விளிம்பைப் புற்று தொட்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியதை அவர் கண்டார். இன்றும் அவ்விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தூய்மையாக இருக்கிறதா என்று பார்ப்பது முறை.

கத்தி பட்டால் புற்று பரவும் என்று நம்மவர் பலர் அஞ்சுகின்றனர். மேற்சொன்ன வரலாறு அந்த அச்சத்துக்குத் தக்க விடையாகும். பழைய நாளில் நோய் திரும்பியதற்குப் பெருங்காரணம், சுற்றியுள்ள திசுவை முழுமையாக எடுக்காமல் விட்டதேயாம். முறை அறிந்து முழுமையாக எடுத்த இடத்தில் நோய் திரும்புவது அரிதாயிற்று. குழாய் வைத்துப் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பயாப்ஸியைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை. அது இல்லாமல் நோயின் இனம் தெரியாது.

நிலம் என்று சொல்லும்போது, கட்டியை ஒட்டிய இடத்தை மட்டும் கருதுவது போதாது. எஞ்சிய குடல் முழுதும் நிலமே. ஒரு முறை புற்று தோன்றிய குடலில் வேறோர் இடத்தில் புதிய முளை தோன்றக்கூடும். அதனால் ரண சிகிச்சைக்கு ஓராண்டுக்குப் பின் மறுபடியும் குழாய்ப் பரிசோதனை செய்யச் சொல்கின்றனர். இன்னும் விரித்துப் பார்த்தால், நாம் வாழும் ஊரும் உண்ணும் உணவும் நிலத்தின் பகுதிகளே. ஹேன்ஸல், குரிஹரா என்ற இருவர் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடையே குடற்புற்றின் அளவு தாய்நாட்டில் இருந்ததை விட உயர்ந்து, அமெரிக்கரின் அளவை நெருங்கியதைக் காட்டினர். இரத்தம் மாறவில்லை, வாழ்க்கைதான் மாறிற்று. நாமும் குடிபெயர்ந்தவர்களே. கீரையும் பயறும் குறைந்து, கடைத் தின்பண்டமும், நாள் முழுதும் நாற்காலியில் அமர்வதும், புகையும் மதுவும் பெருகுமானால், அதன் பலன் நம் குடலையும் சாரும்.

இத்தனையும் கேட்டபின், நாம் செய்ய வேண்டியது என்ன என்று நேயர்கள் வினவலாம். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயது அன்பர் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்வோம். மலத்தோடு இரத்தம் வருகிறது. உடம்புச் சூடு என்கிறார். பிறகு மூலம் என்கிறார். துத்தி இலையும் கருணைக்கிழங்கும் வீட்டில் சமைக்கப்படுகின்றன. மனைவி வற்புறுத்தினால், சித்திரையில் ஊருக்குப் போகும்போது நம் ஊர் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்கிறார். இங்கே மொழி வேறு, தெரிந்த மனிதர் இல்லை, விடுமுறை கிடைப்பது அரிது என்ற காரணங்கள் எல்லாம் உண்மையே. ஆயினும் சித்திரை வருவதற்குள் கட்டி தசைச் சுவரைக் கடந்து விடக்கூடும். சுற்றம் இன்னும் நம் பக்கம் நிற்கும் காலத்தில் பிடிப்பதற்கும், அது பகைவன் பக்கம் சாய்ந்த பின் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மேல்நாட்டாரை விட இந்நோய் நம் நாட்டில் குறைவே. ஆனால் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வந்த குடற்புற்று நோயாளிகளின் சராசரி வயது ஐம்பதுக்கும் குறைவாகவே இருந்தது என்று அம்மருத்துவர்கள் எழுதியுள்ளனர். ஆகவே, வயது ஆகவில்லை என்ற எண்ணம் நம்மைக் காக்காது. இரத்தம் காண்பது எல்லாம் புற்று அன்று. பெரும்பாலும் மூலமாகவே இருக்கும். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவரே. இரத்தப் போக்கு, சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமற்ற சோகை, உடல் மெலிவு ஆகிய இவற்றுள் எது தோன்றினும், இருக்கும் ஊரிலேயே காட்ட வேண்டும். புனே ரயில் நிலையத்தின் அருகிலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்து வரும் ஸஸூன் பொது மருத்துவமனை இருக்கிறது. மொழி தெரியாவிட்டால், தெரிந்த அண்டை வீட்டாரை அழைத்துச் செல்லலாம். அப்படிப்பட்டவருக்குத் துணை போவதைத் தமிழ்ச் சங்கங்கள் ஒரு பணியாகவே மேற்கொள்ளலாம்.

சிகிச்சை நடந்து விட்டால், நோய்க்கூறு அறிக்கையைக் கேட்டுப் பெற்றுக்கொள்வது அவசியம். சுற்றத்தைப் பற்றிய சாட்சியம் முழுதும் அதில்தான் இருக்கிறது. கட்டி எந்த அடுக்கு வரை சென்றது, எத்தனை நிணநீர் முடிச்சுகள் சோதிக்கப்பட்டன, வெளி விளிம்பு தூய்மையாக உள்ளதா, கட்டியின் முனையில் ஒன்று முதல் நான்கு வரையான அணுக்கள் சிறு சிறு குழுவாகப் பிரிந்து செல்கின்றனவா, பிழை திருத்தும் ஏற்பாடு பழுதடைந்துள்ளதா என்னும் ஐந்தையும் மருத்துவரிடம் கேட்கலாம். முடிச்சுகள் பன்னிரண்டுக்குக் குறையாமல் பார்க்கப்பட வேண்டும் என்பது பொது விதி. எடுத்த திசுவை மெழுகில் பதித்து மருத்துவமனை பாதுகாத்து வைக்கும். மேற்கொண்டு சிகிச்சைக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ செல்வதாயின், அந்த மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு செல்வது நலம். அவை இல்லாமல் போனால், அங்குள்ள மருத்துவர் கட்டியைப் பற்றி அறிவாரே தவிர, அது எத்தகைய நிலத்தில் வளர்ந்தது என்பதை அறிய மாட்டார்.

ஊர் விட்டு ஊர் வந்த நாம், குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகளையும் ஓர் உறையில் இட்டு எத்தனை வீடு மாறினாலும் தவறாமல் எடுத்துச் செல்கிறோம். இந்த அறிக்கையும் அதே உறையில் இருக்கட்டும்.